கோசுமெலில் கப்பல் நிற்கும் ஒரு பகலில் மெக்சிகோ சமையல் வகுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்குக் கரீபியன் கடலைச் சுற்றிவரும் சொகுசுக் கப்பல்கள் அடிக்கடி நிற்கும் மெக்சிகோத் துறைமுகம் கோசுமெல். யூகத்தான் தீபகற்பத்துக்கு எதிரே, கின்தானா ரோ மாநிலத்தில் உள்ள தீவு இது. கப்பல் பெரும்பாலும் காலையில் வந்து மாலையில் கிளம்பிவிடும். அதில் மூன்று நான்கு மணி நேரத்தை ஒரு சமையல் வகுப்புக்கு ஒதுக்க நினைப்பவர்களுக்கு எழும் கேள்விகளும் அவற்றின் பதில்களும் கீழே.

வகுப்புகள் நிறைய இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். டோர்ட்டியாவை (மக்காச்சோள மாவில் சுடும் மெல்லிய ரொட்டி) ஒவ்வொருவரும் தாமே அழுத்திச் சுடுகிறார்களா, இல்லை சமையல்காரர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? ஒரு கொமாலுக்கு எத்தனை பேர்? (கொமால் என்பது டோர்ட்டியா சுடும் தட்டைக் கல்.) ஒரு கல்லுக்கு நாலைந்து பேர் என்றால் ஆளுக்கு ஐந்தாறு டோர்ட்டியாவாவது சுடலாம், கை ஓரளவு பழகிவிடும். பன்னிரண்டு பேர் என்றால் ஆளுக்கு ஒன்று, அதுவும் அவசரத்தில்.

குவாக்கமோலேயையும் (அவகாடோ மசியல்) மார்கரீட்டாவையும் (டெக்கீலா கலந்த மது பானம்) மட்டும் பெரிதாகக் காட்டும் வகுப்புகளுக்குப் போகவே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. அவற்றைக் குறிப்பைப் பார்த்து வீட்டிலேயே செய்துகொள்ளலாம். டோர்ட்டியா மாவின் பதம் விரல் தொட்டால்தான் பிடிபடும். "இன்னும் ஒரு கை தண்ணீர் தெளி" என்று சொல்லத் தெரிந்தவர் பக்கத்தில் நிற்கும்போது கற்றுக்கொள்வதற்கு ஈடே இல்லை.

யூகத்தான் பக்கத்துச் சமையல் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அச்சியோத்தே என்ற சிவப்பு விதை மசாலா, புளிப்பு ஆரஞ்சு, ஹபனேரோ மிளகாய், பூசணி விதை ஆகியவை இந்த மண்ணின் அடையாளம். சிகில் பாக் (பூசணி விதைத் துவையல்), பனூச்சோ (பீன்ஸ் அடைத்துப் பொரித்த டோர்ட்டியா), டிகின் ஷிக் (அச்சியோத்தே தடவிச் சுட்ட மீன்) என்ற பெயர்கள் பட்டியலில் இருந்தால் நல்லது. மோலே பொப்லானோ இருந்தால் யோசியுங்கள். அது நாள் முழுக்க வேலை வாங்கும் குழம்பு, மூன்று மணி நேர வகுப்பில் கடையில் வாங்கிய விழுதைக் கரைத்துத்தான் காட்ட முடியும்.

வகுப்பு எத்தனை மணிக்கு இருந்தால் பத்திரம்?

இந்தப் பயணத்தில் பலர் ஏமாறும் இடம் கடிகாரம்தான். கின்தானா ரோ மாநிலம் 2015 பிப்ரவரி 1 முதல் ஆண்டு முழுக்க ஒரே நேரத்தில் ஓடுகிறது, கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளுவதில்லை. ஃப்ளோரிடாவிலிருந்து வரும் கப்பல் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை தன் ஊர் நேரத்திலேயே ஓடினால், கப்பல் கடிகாரம் கோசுமெலைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். கப்பலில் "மாலை 4.30க்குள் ஏறிவிட வேண்டும்" என்றால் ஊர்க் கடிகாரத்தில் அது 3.30. வகுப்பு நடத்துபவர் சொல்வதெல்லாம் ஊர் நேரம்.

டெக்சாஸின் கால்வெஸ்டனிலிருந்தோ நியூ ஆர்லியன்ஸிலிருந்தோ குளிர்காலத்தில் வந்தால் நிலைமை தலைகீழ். கோசுமெல் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். திரும்பி வருவதில் சிக்கல் இல்லை, ஆனால் காலை 9 மணி வகுப்பு என்பது கப்பல் கடிகாரத்தில் 8 மணி. அப்போது கப்பல் கரையைத் தொட்டிருக்காமலும் போகலாம்.

கைப்பேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும், கப்பலோ மாற்றாமல் இருக்கலாம். அதனால் முந்தைய இரவு கப்பல் வரவேற்பு மேசையில் கேட்டுக்கொண்டு, கப்பல் நேரம் வைத்த கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். கணக்கு இப்படி: கப்பல் கரை சேரும் நேரத்துக்கும் வகுப்புத் தொடக்கத்துக்கும் இடையே ஒன்றரை மணி நேரம், வகுப்பு முடிவதற்கும் கப்பலில் ஏறவேண்டிய கடைசி நேரத்துக்கும் இடையே இரண்டு மணி நேரம். இந்த இரண்டும் இல்லாத வகுப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கப்பல் நிறுவனம் மூலம் பதிவு செய்வதா, நேரடியாகவா?

கப்பல் மூலம் போனால் விலை கூடுதல், கூட்டமும் கூடுதல். ஆனால் வகுப்பு தாமதமானால் கப்பல் காத்திருக்கும், கரை சேராமல் போனால் பணம் தானாகத் திரும்பி வரும். நேரடியாகப் பதிவு செய்தால் சின்னக் குழு, நல்ல கவனிப்பு. தாமதமானால் மட்டும் பொறுப்பு உங்களுடையது.

குளிர்கால மாதங்களில் "நோர்த்தே" எனப்படும் வடகாற்று பலமாக வீசும்போதும், ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவத்திலும் கப்பல் கோசுமெலை விட்டுவிட்டுப் போவது நடப்பதுதான். நேரடிப் பதிவு என்றால் "கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் திரும்பத் தரப்படும்" என்பதை எழுத்தில் வாங்குங்கள். கப்பலின் பெயரையும் தேதியையும் அவர்களிடம் கொடுங்கள். அனுபவமுள்ளவர்கள் கப்பல் வரவைத் தாமே கவனித்து, வகுப்பைத் தள்ளி வைப்பார்கள்.

கடலுக்கு அப்பால் பிளாயா தெல் கார்மென் ஊரில் நல்ல வகுப்புகள் உண்டு. படகில் போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம். கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும். கப்பலில் வந்த நாளில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

எந்த இறங்குதுறையில் கப்பல் நிற்கும்? அங்கிருந்து எப்படிப் போவது?

மூன்று இறங்குதுறைகள் இருக்கின்றன. புன்தா லங்கோஸ்தா, சான் மிகேல் ஊரின் நடுவிலேயே இருக்கிறது. அங்கிருந்து பல இடங்களுக்கு நடந்தே போகலாம். சர்வதேசத் துறையும் புவெர்த்தா மாயாவும் ஊருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் டாக்ஸி வேண்டும். இறங்குதுறைப் பாலத்தின் நுனியில் கப்பல் நின்றால், வாசலுக்கு வரவே பத்து நிமிடம் நடக்க வேண்டியிருக்கும். கடைகளுக்குள் புகுந்து வெளியேறும்படித்தான் வழியும் இருக்கும். டாக்ஸிக் கட்டணம் பகுதிவாரியாக நிர்ணயிக்கப்பட்டது, மீட்டர் கிடையாது. துறை வாசலில் உள்ள பலகையைப் பார்த்து, ஏறுவதற்கு முன்பே தொகையையும் அது பெசோவா டாலரா என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். செயலி மூலம் கார் அழைத்துக்கொள்ளலாம் என்று நம்பித் திட்டமிட வேண்டாம்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ விசா வேண்டுமா?

செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டியதில்லை. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் அப்படியே. கவனிக்க வேண்டியது திரும்பி வருவதை. அமெரிக்காவிலிருந்து கிளம்பி அங்கேயே திரும்பும் கப்பல் என்றால் உங்கள் அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். கரையில் இறங்கும்போது கப்பல் அட்டையும் புகைப்பட அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

வகுப்பில் தரும் மாவு நம் ஊர் மக்காச்சோள மாவுதானா?

இல்லை. சமையல் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவைத்து, தோல் கழுவி அரைத்தது மாசா. இப்படிப் பதப்படுத்திய சோளத்துக்கு நிக்ஸ்தமால் என்று பெயர். சுண்ணாம்பு சோளத்தின் மேல்தோலைக் கரைத்துத் தளர்த்துகிறது. அதனால்தான் அரைத்த மாவு ஒட்டிக்கொண்டு, அழுத்தினால் உடையாமல் விரிகிறது. சோளத்தில் உடம்புக்குக் கிடைக்காமல் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற சத்தும் இதனால் விடுபடுகிறது. ஐரோப்பாவுக்குச் சோளம் போனது, இந்தப் பக்குவம் போகவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த வடக்கு இத்தாலி ஏழைகளிடம் நியாசின் குறைவால் வரும் பெலக்ரா நோய் பரவியது அதன் விளைவு. யுனெஸ்கோ 2010இல் மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை மரபுப் பட்டியலில் சேர்த்தபோது இந்தச் சோளப் பக்குவமும் அதில் முக்கிய இடம் பெற்றது.

சில வகுப்புகளில் அன்று காலை ஆலையில் அரைத்த ஈர மாசா வரும். சிலவற்றில் மாசா அரினா எனப்படும் உலர்மாவுப் பொட்டலம். ஈர மாசாவுக்குத் தனி மணம், சுட்டால் மெத்தென்று இருக்கும். ஆனால் வீட்டுக்கு வந்ததும் உங்கள் கைக்குக் கிடைக்கப்போவது உலர்மாவுதான். இரண்டையும் ஒருமுறை பிசைந்து பார்க்கக் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள்.

டோர்ட்டியா செய்யும் முறை என்ன? எங்கே தவறுகிறது?

உலர்மாவு 2 கப் (சுமார் 240 கிராம்), வெதுவெதுப்பான தண்ணீர் ஒன்றரைக் கப், உப்பு அரைத் தேக்கரண்டி. பிசைந்து ஈரத்துணி மூடி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள், மாவு நீரை இழுத்துக்கொள்ள அந்த நேரம் வேண்டும். பிறகு ஓர் உருண்டையை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். ஓரம் விரிசல் விட்டால் தண்ணீர் போதாது. கையில் ஒட்டினால் தண்ணீர் அதிகம். விரிசலும் இல்லாமல் ஒட்டாமலும் இருக்கும் நிலைதான் பதம். காற்றில் மாவு காய்ந்துகொண்டே இருக்கும் என்பதால் பத்து டோர்ட்டியாவுக்கு ஒருமுறை கையை நனைத்து மறுபடி பிசைய வேண்டிவரும்.

சப்பாத்தி பழக்கம் உள்ள கை இங்கே கொஞ்சம் தடுமாறும். மாசாவில் குளூட்டன் (கோதுமை மாவை இழுபடவைக்கும் புரதம்) இல்லை. எவ்வளவு பிசைந்தாலும் இழுபடாது, குழவியால் தேய்த்தால் கிழியும். 30 முதல் 35 கிராம் உருண்டையை இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவில் வைத்து அச்சில் அழுத்துவதுதான் வழி. ஒருமுறை அழுத்தி, தாளோடு அரைவட்டம் திருப்பி, மறுமுறை மெதுவாக அழுத்துங்கள். அச்சில் ஒரு பக்கம் மெலிதாகவும் மறுபக்கம் தடிப்பாகவும் வரும், திருப்பினால் சமமாகும். கிழிந்தால் கவலை இல்லை, உருட்டி மறுபடி அழுத்தலாம்.

தாளை உரிக்கும்போது டோர்ட்டியாவைத் தாளிலிருந்து பிய்க்காதீர்கள். டோர்ட்டியா கையில் கிடக்கட்டும், தாளை உரியுங்கள். கல்லில் தொப்பென்று போடாமல், கையைக் கல்லுக்கு இணையாக வைத்து வெளிப்பக்கமாக இழுத்து விரித்துவிடுங்கள். முதல் பக்கம் 15 முதல் 20 நொடி, ஓரம் கல்லைவிட்டு எழும்பும்வரை மட்டும். திருப்பி இரண்டாம் பக்கம் முக்கால் முதல் ஒரு நிமிடம், அடியில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும்வரை. மறுபடி திருப்பியதும் நடுவில் விரலால் லேசாகத் தட்டினால் உப்பும்.

உப்பவில்லையா? பெரும்பாலும் கல் போதிய சூடு ஏறவில்லை. அடுத்த காரணம் மாவு வறண்டிருப்பது. மூன்றாவது, முதல் பக்கத்தை அதிக நேரம் விட்டது: அந்தப் பக்கம் காய்ந்து, நீராவி உள்ளே தங்காமல் வெளியேறிவிடும். சுட்டவற்றைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்கவேண்டும். சூட்டோடு தின்னும் ஆசையில் இதைத் தவிர்த்தால் விறைப்பாக இருக்கும். துணிக்குள் ஆவியில் வெந்துதான் மென்மை வருகிறது.

சல்சாவை மிக்சியில் அரைப்பார்களா, கல்லிலா?

நல்ல வகுப்பில் மொல்காஹெத்தே என்ற எரிமலைக் கல் உரலில். தக்காளி 4, வெங்காயம் கால் பாகம், தோலோடு பூண்டு 2 பல், செரானோ மிளகாய் 1 அல்லது 2, எல்லாவற்றையும் எண்ணெய் இல்லாமல் கொமாலில் கருகச் சுட வேண்டும். தக்காளித் தோல் கறுத்து, உள்ளே குழையும்வரை பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும், பூண்டுக்கு அதில் பாதி போதும். அரைக்கும் வரிசைதான் முக்கியம்: முதலில் உரித்த பூண்டும் கல்லுப்பும், பிறகு மிளகாய், வெங்காயம், கடைசியில் தக்காளி. தக்காளியை முதலில் போட்டால் நீர்விட்டுக்கொண்டு, மிளகாய் நழுவும், மசியாது.

காய்ந்த மிளகாய் வகைகளான ஆஞ்சோ, குவாஹியோ இரண்டையும் கல்லில் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து நொடிதான் வாட்டவேண்டும். நிறம் கறுத்துவிட்டால் எடுத்துப் போட்டுவிட்டு வேறு வாட்டுங்கள், அந்தக் கசப்பை எதனாலும் போக்க முடியாது.

ஹபனேரோ நம் காரத்தைவிட அதிகமா?

ஆமாம். காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் ஹலப்பேனோ மிளகாய் 2,500 முதல் 8,000, ஹபனேரோ 1,00,000 முதல் 3,50,000. காரம் தின்று பழகிய நாக்கு தாங்கிக்கொள்ளும், கண்ணும் விரலும் தாங்காது. கையுறை கேட்டு வாங்குங்கள், கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கை எரிந்தால் முதலில் சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போடுங்கள். காரப்பொருள் எண்ணெயில்தான் கரையும், வெறும் தண்ணீர் அதைப் பரப்பத்தான் செய்யும்.

சைவம் சாப்பிடுபவர்கள் போகலாமா?

போகலாம். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடக் கூடாது. இறைச்சி கண்ணுக்குத் தெரியாத இடங்கள் மூன்று. ஒன்று மன்தேகா எனப்படும் பன்றிக் கொழுப்பு: மசித்த கறுப்பு பீன்ஸ், தமாலே (இலையில் பொதிந்து அவித்த மாசா), கோதுமை டோர்ட்டியா ஆகியவற்றில் சேர்ப்பார்கள். இரண்டாவது கோழிச் சாறு: சிவப்புச் சோறும் சூப்பும் பல சமையலறைகளில் கோழிச் சாற்றுப் பொடியில்தான் செய்யப்படுகின்றன. மூன்றாவது சீஸில் சேரும் விலங்கு ரென்னெட் (பாலை உறையவைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள்).

பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள், அங்கே போனதும் வாயாலும் சொல்லுங்கள்: "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் மன்தேகா." இறைச்சி, கோழி, மீன், பன்றிக் கொழுப்பு நான்கும் வேண்டாம் என்று பொருள். கார்னே என்பதைப் பலர் மாடு, பன்றி என்று மட்டுமே எடுத்துக்கொள்வதால் கோழியைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். மாட்டிறைச்சிக்கு "ரெஸ்", பன்றிக்கு "செர்தோ". இறைச்சி வாட்டிய கல்லிலேயே டோர்ட்டியா சுடுவார்கள் என்பதால் கல்லைத் துடைத்துத் தரச் சொல்லவும் தயங்காதீர்கள்.

சைவர்களுக்கு இந்தப் பகுதியின் பரிசு சிகில் பாக். தோலுரித்த பூசணி விதை ஒரு கப்பை வெடிக்கும்வரை வறுத்து அரைத்து, சுட்ட தக்காளி 2, சுட்ட ஹபனேரோ அரை, கொத்தமல்லித்தழை, உப்பு, புளிப்பு ஆரஞ்சுச் சாறு சேர்க்க வேண்டும். விதை பழுப்பாகிவிட்டால் கசக்கும், உப்பி வெடிக்கும்போதே இறக்குங்கள். பெயரைக் கேட்டு மாமிசமோ என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

சாயா கீரை கொடுத்தால் பச்சையாக வாயில் போடாதீர்கள். அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. 15 முதல் 20 நிமிடம் கொதிக்கவைத்தபின் சாப்பிடலாம்.

என்ன உடுத்துவது?

அடர்நிற உடை, மூடிய செருப்பு. அச்சியோத்தே விதையின் சிவப்புச் சாயம் துணியில் பட்டால் போகாது, நகக்கண்ணிலும் ஓரிரு நாள் நிற்கும். அடுப்பருகே வெக்கை அதிகம், பருத்தி போதும்.

தண்ணீரும் பச்சைக் காய்களும் பாதுகாப்பானவையா?

வகுப்புகளில் பெரிய குப்பிகளில் வரும் சுத்திகரித்த நீரைத்தான் பயன்படுத்துகிறார்கள். கொத்தமல்லியும் வெங்காயமும் கிருமிநாசினிச் சொட்டு கலந்த நீரில் ஊறியவையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம்.

பணம்?

டாலரை எல்லா இடத்திலும் வாங்குவார்கள், ஆனால் மாற்று விகிதத்தில் உங்களுக்குத்தான் நஷ்டம். டாக்ஸிக்கும் டிப்ஸுக்கும் பெசோ வைத்துக்கொள்ளுங்கள். கிழிந்த டாலர் தாளையும் அமெரிக்கச் சில்லறைக் காசையும் வாங்கத் தயங்குவார்கள். வகுப்புக் கட்டணத்தில் 15 முதல் 20 விழுக்காடு டிப்ஸ் கொடுப்பது வழக்கம். பாத்திரம் கழுவி அடுப்பைப் பார்த்துக்கொண்ட உதவியாளருக்கும் அதில் பங்கு போகிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

எதையெல்லாம் கப்பலுக்குக் கொண்டுபோகலாம்?

சமைத்த உணவு, பழம், காய், இறைச்சி எதுவும் கூடாது. தொழிற்சாலையில் அடைத்து மூடிய மசாலா விழுது, மிளகாய்ப் பொடி, வனிலா, சாக்லேட், மாசா அரினா ஆகியவற்றில் பெரும்பாலும் சிக்கல் வராது. அமெரிக்காவில் இறங்கும்போது எல்லா உணவுப்பொருளையும் சுங்கப் படிவத்திலோ அதிகாரியிடமோ சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மறைத்தால்தான் அபராதம். மது பாட்டிலைக் கப்பலில் வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாளில் தருவார்கள். கத்தி வாங்காதீர்கள், பறிபோகும்.

மொல்காஹெத்தே வாங்கினால் சிமென்டில் வார்த்த போலிகளைக் கவனியுங்கள். உண்மையான எரிமலைக் கல்லில் துளைகள் ஒழுங்கில்லாமல் இருக்கும். சாவியால் சுரண்டினால் சாம்பல் தூள் கொட்டுவது போலி. நாலைந்து கிலோ எடை இருக்கும், விமானத்தில் கைப்பையில் வைத்தால் தடுக்கக்கூடும், பெரிய பெட்டியில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் புது அம்மியைப் பழக்குவதுபோலத்தான்: ஒரு பிடி பச்சரிசியைப் போட்டு அரைத்துக் கொட்டுங்கள், மாவு வெள்ளையாக வரும்வரை திரும்பத் திரும்ப. பிறகு பூண்டு, கல்லுப்பு, சீரகம் அரைத்துக் கழுவுங்கள். சோப்புப் போடாதீர்கள், துளைகளில் தங்கிவிடும்.

வீட்டில் மாசா அரினா கிடைக்காவிட்டால்?

சோளமாவு என்று கடையில் விற்கும் வெள்ளை ஸ்டார்ச்சும், ரொட்டி செய்யும் மஞ்சள் மக்காச்சோள மாவும் உதவாது. சுண்ணாம்பில் வேகாததால் அவை ஒட்டுவதில்லை. நீங்களே நிக்ஸ்தமால் செய்யலாம்.

காய்ந்த மக்காச்சோளம் 1 கிலோ, தண்ணீர் 3 லிட்டர், உணவுத் தரச் சுண்ணாம்புத் தூள் (கால்சியம் ஹைட்ராக்சைடு) 10 கிராம். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் இதே பொருள்தான். ஆனால் அது விழுதாக இருப்பதால் எடை பிடிபடாது, நிறம் சேர்த்தும் வரும். தூளே மேல். விதைக் கடைச் சோளம் ஒருபோதும் வேண்டாம், அதில் மருந்து பூசியிருப்பார்கள். பாப்கார்ன் சோளமும் சரிவராது. அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரிக்கும், எவர்சில்வர் எடுங்கள்.

கொதி வந்ததும் தணலைக் குறைத்து 30 முதல் 45 நிமிடம் வேகவிடுங்கள். ஒரு மணியை விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரவேண்டும், குறுக்கே வெட்டினால் நடுவில் சிறு வெள்ளைப் புள்ளி வேகாமல் நிற்கவேண்டும். அடுப்பை அணைத்து இரவெல்லாம் மூடி வையுங்கள். காலையில் நன்றாகத் தேய்த்து இரண்டு மூன்று தண்ணீரில் கழுவுங்கள். தோல் கழலவே இல்லை என்றால் சுண்ணாம்பு பழையது. டப்பா திறந்தே கிடந்தால் அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வீரியம் இழந்துவிடும். அதிகம் வெந்துவிட்டால் மாவு பசைபோல ஒட்டும், டோர்ட்டியா உப்பாது.

மிக்சியில் அரைத்தால் தண்ணீர் நிறையத் தேவைப்பட்டு மாவு தளர்ந்துவிடும். கல் கிரைண்டரில் இரண்டு மூன்று கைப்பிடியாகப் போட்டு, நீர் தெளித்துத் தெளித்து அரையுங்கள். அப்படியும் தளர்ந்தால் துணியில் பரப்பி அரை மணி நேரம் ஈரம் வாங்கவிட்டுப் பிசையுங்கள். மீந்த மாசாவைக் குளிர்பெட்டியில் இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், புளித்துவிடும்.